விரிய வேண்டிய பூ ஏன் கிண்ணமாகிறது?

குரோஷே ஊசியைப் புதிதாகப் பிடித்தவர்கள் பின்னும், டம்ளருக்கு அடியில் வைக்கும் பூ வடிவ விரிப்பு பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக முடிகிறது. ஓரம் மேலே எழும்பிக் கிண்ணமாகிவிடும். இல்லையென்றால் கோழிக்கொண்டைப் பூ மாதிரி நெளிநெளியாக மடியும். கைப்பழக்கம் வரவில்லை என்று பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் தப்பு பெரும்பாலும் கணக்கில்தான் இருக்கும்.

வட்டத்தின் ஆரம் ஒரு பங்கு நீண்டால் சுற்றளவு 6.28 பங்கு நீளும். சிங்கிள் குரோஷே என்ற குட்டைக் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் 6 சிங்கிள் கூட்டினால் போதும், தட்டையாகக் கிடக்கும். டபுள் குரோஷே என்ற நெட்டைக் கண்ணி அகலத்தைப் போல இரு மடங்கு உயரம். அதற்கு 12 கூட்ட வேண்டும். 12, 24, 36, 48 என்று போவது இதனால்தான். குறைவாகக் கூட்டினால் ஓரத்துக்கு நீளம் பற்றாமல் கிண்ணமாகும். கூடுதலாகக் கூட்டினால் மிஞ்சிய நீளத்துக்கு இடமில்லாமல் நெளியும். அந்த நெளிவையே வேண்டுமென்று கூட்டிக்கொண்டு போய், எங்கும் சேணம் மாதிரி வளைந்து, காகிதத்தில் வரைந்து காட்டக் கடினமான அதிபரவளையத் தளத்தைக் (hyperbolic plane) கையில் பிடித்துப் பார்க்கும்படி 1997-ல் பின்னிக் காட்டினார் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கணித ஆசிரியர் டைனா தைமினா.

இங்கே டபுள் என்பது அமெரிக்க வழக்கு: ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே விட்டு இழுத்து, ஊசியில் இருக்கும் வளையங்களை இரண்டிரண்டாக இரண்டு தடவை கழற்றுவது. சிங்கிளில் நூலைச் சுற்றாமல் உள்ளே விட்டு இழுத்து, இரண்டு வளையத்தையும் ஒரே தடவையில் கழற்றுவோம். பிரிட்டிஷ் புத்தகங்களில் டபுள் என்றால் நம் சிங்கிள். இது தெரியாமல் பின்னினால் எந்தக் கணக்கும் ஒத்துவராது.

தாராபுரம், மூலனூர் பக்கம் விதைக்காகப் பயிராகும் கண்வலிப் பூவுக்கு, அதாவது செங்காந்தளுக்கு, இதழ் ஆறு. மூன்றாம் சுற்றின் 36 கண்ணி ஆறாகச் சரியாகப் பிரியும். ஐந்து இதழ்ச் செம்பருத்திக்குப் பிரியாது. முதல் விரிப்புக்குக் காந்தளே நல்லது.

4 மில்லிமீட்டர் ஊசியில் மேஜிக் ரிங் (இழுத்தால் இறுகும் நூல் வளையம்) போட்டு, 3 செயின் (சங்கிலிக் கண்ணி), வளையத்துக்குள் 11 டபுள். செயினையும் சேர்த்தால் 12. ஸ்லிப் (உயரம் கூட்டாமல் இணைக்கும் கண்ணி) போட்டு மூடுங்கள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு: 24. மூன்றாவதில் ஒன்றில் இரண்டு, அடுத்ததில் ஒன்று, இப்படியே மாறி மாறி: 36. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் வரும் 3 செயின் ஒரு டபுளாகக் கணக்கு.

இனி இதழ். ஒரு ஸ்லிப், இரண்டு கண்ணியை விட்டு மூன்றாவதில் 7 டபுள், மறுபடி இரண்டை விட்டு அடுத்ததில் ஸ்லிப். ஓர் இதழுக்கு 6 கண்ணி செலவாகும். துவாலைத் துண்டின் நேர் ஓரத்தில் இதே இதழுக்கு 5 டபுள்தான் போடுவோம். இங்கே 7 ஏன்? நான்காம் சுற்றுக்கும் 12 கூட வேண்டும். ஆறு இதழுக்குப் பங்கிட்டால் தலைக்கு இரண்டு.

கடைசி இதழுக்கு இடம் பற்றவில்லை அல்லது மிஞ்சுகிறது என்றால் தப்பு அநேகமாக மூடிய இடத்தில் இருக்கும். ஸ்லிப் போட்ட இடம் இன்னொரு கண்ணி மாதிரியே தெரியும். இரண்டாம் சுற்றில் அதையும் குத்தினால் 24 வர வேண்டியது 26 ஆகும். 3 செயினுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கண்ணியை விட்டால் 22. மூடிய ஸ்லிப்பில் ஒரு சேஃப்டி பின் குத்தி வையுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தும் குவிகிறதா? உங்கள் டபுள் உயரமாக, ஒடுங்கி விழுகிறது, 4.5 ஊசிக்கு மாறுங்கள். நெளிகிறதா? டபுள் குட்டையாக இருக்கிறது; ஊசியை உள்ளே விட்டு இழுக்கும் முதல் வளையத்தைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக் கழற்றுங்கள்.

நூல் பருத்தியாகவே இருக்கட்டும். அக்ரிலிக் இழை தண்ணீரை உள்ளே வாங்காது, சூடான பாத்திரம் வைத்தால் இளகி உருமாறும். 50 கிராமுக்கு 85 மீட்டர் வரும் பந்து வாங்கினால் ஐந்து விரிப்பாவது தேறும். ஆலையிலிருந்து கூம்பில் சுற்றி வரும் கோன் நூலைப் பயன்படுத்தலாமா என்றால் கவுண்ட் பார்க்க வேண்டும். 840 கஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு என்பதே கவுண்ட். எண் கூடக் கூட நூல் மெலியும். பனியனுக்கு ஓடும் 30-ஆம் கவுண்ட் கிராமுக்கு 50 மீட்டர், அந்தப் பந்தின் தடிமனுக்கு 30 இழை சேர்க்க வேண்டும், கைக்கு அடங்காது. 10-ஆம் கவுண்ட் என்றால் 10 இழை போதும்.

சாயம் ஏறாத கோரா நூலில் ஒரு சிக்கல் உண்டு. பின்னி முடித்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: சேம்ப இலையில் விழுந்த மாதிரி உருண்டு நிற்கும். பருத்தியின் மேலிருக்கும் இயற்கை மெழுகு அதை உள்ளே விடாது. திருப்பூர்ச் சாயப்பட்டறையில் சாயத்துக்கு முன் காஸ்டிக் சோடாவில் வேகவைப்பது இந்த மெழுகைப் போக்கத்தான். வீட்டில் சலவைச் சோடா போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிட்டு அலசுங்கள். ஈரத்தோடு தெர்மாகோலில் ஆறு இதழ் நுனியையும் இழுத்துப் பின் குத்தி நிழலில் காயவையுங்கள். மறுபடி ஒரு சொட்டு விட்டால் சட்டென்று உள்ளே இறங்கிவிடும்.