‘க்ரூ கொஹீஷன்’: பிணைப்பா, கட்டுக்கோப்பா?

படப்பிடிப்பில் க்ரூ, விமானத்தில் க்ரூ, கப்பலில் க்ரூ என்று நமக்குப் பழகிப்போன சொல்தான். அமெரிக்காவில் காட்டுத்தீயை அணைக்கப் போகிறவர்கள் வாயில் மட்டும் அதற்குக் கனம் கொஞ்சம் கூடுதல். அங்கே ‘ஹாட்ஷாட் க்ரூ’ என்றால் ஏறத்தாழ 20 பேர். வண்டியும் தண்ணீர்க் குழாயும் எட்டாத மலைச்சரிவில் மரமறுக்கும் மெஷினோடும் வெட்டுக்கருவிகளோடும் இறங்கி, புதரை வெட்டி, புல்லைச் செதுக்கி, தீ தாண்ட முடியாதபடி வெறும் மண்ணை ஒரு பட்டையாக இழுத்துக்கொண்டே போவார்கள். நம் வனத்துறையினர் தீத்தடுப்புக் கோடு என்பது அதைத்தான். நாற்று நடவில் நெரை பிடித்து நகர்வதுபோல ஒருவர் பின் ஒருவராக, ஆளுக்குச் சில வெட்டு வெட்டி முன்னே நகர்வார்கள். ஒரு தீக்குப் புறப்பட்டால் இரண்டு வாரம் சோறும் தூக்கமும் ஒன்றாகத்தான்.

இவர்களுக்குப் பாடம் நடத்துபவர்கள் ஓயாமல் சொல்லும் தொடர் ‘க்ரூ கொஹீஷன்’. குழு ஒற்றுமை என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். அப்படிப் போகக்கூடாது என்பது என் கட்சி.

முதலில் க்ரூ. 15ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதன் பொருள் ‘துணைக்கு அனுப்பிய கூடுதல் படை’. பழைய பிரெஞ்சில் ‘கூடுதல், பெருக்கம்’. அதற்கும் அடியில் லத்தீனின் ‘கிரெஸ்கெரே’, வளர் என்னும் வினை. இன்க்ரீஸ், ரெக்ரூட், பிறைக்கு ஆங்கிலம் வைத்த க்ரெஸன்ட் எல்லாம் இதே வீட்டுப் பிள்ளைகள். அதாவது க்ரூ என்றால் ஆதியில் ‘பிறகு வந்து சேர்ந்த ஆட்கள்’. சேர்ந்தார்கள் என்பது மட்டும்தான் சொல்லில் இருக்கிறது, ஒட்டினார்களா என்பது இல்லை.

ஒட்டும் வேலையைக் கொஹீஷன் செய்கிறது. லத்தீனில் ‘ஹேரெரே’ என்றால் ஒட்டிக்கொள். முன்னால் ‘கோ’ சேர்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டுதல். பசைக்கு வழங்கும் அட்ஹெஸிவ் இதிலிருந்து வந்தது. தயங்குவதைக் குறிக்கும் ஹெஸிட்டேட்டும் இதே வேர்தான் என்பது எனக்கே முதலில் வியப்பாக இருந்தது. கால் ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்பதுதானே தயக்கம்!

இந்தத் தொடர் காட்டுத்தீக்காரர்களிடம் இவ்வளவு கனம் பெற்றதற்குப் பின்னால் சாவுகள் இருக்கின்றன. 1949 ஆகஸ்ட் 5. மொன்டானா மாநிலத்தில் மிசௌரி ஆற்றை ஒட்டிய மான் கல்ச் என்னும் பள்ளத்தாக்கு. விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்துத் தீயணைக்கும் 15 பேர் இறங்கினார்கள். அங்கே ஏற்கெனவே தனியாகத் தீயோடு போராடிக்கொண்டிருந்த ஒரு வனக் காவலரும் சேர்ந்துகொண்டார். தலைவர் வாக்னர் டாட்ஜ் அனுபவசாலி. ஆனால் ஆட்களில் பலர் அதற்குமுன் அவருடன் சேர்ந்து வேலை செய்ததில்லை. சொல்லின் பழைய பொருளில் சரியான ‘க்ரூ’.

தீ பள்ளத்தாக்கைத் தாண்டி, புல்வெளியில் காற்றோடு ஏறித் துரத்தியது. கருவிகளைப் போட்டுவிட்டு ஓடச் சொன்னார் டாட்ஜ். பிறகு ஓட நேரமில்லை என்று கண்டதும் யாரும் எதிர்பாராததைச் செய்தார்: தனக்கு முன்னிருந்த புல்லில் தானே ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் பற்றவைத்தார். எரிந்து கருகிய இடத்தில் பெருந்தீக்குத் தின்ன எதுவும் இருக்காது, அதற்குள் வந்து படுங்கள் என்று கூப்பிட்டார். ஒருவரும் வரவில்லை. துரத்தும் தீக்கு முன்னால் இன்னொரு தீயைக் கொளுத்துகிறவனைப் பார்த்தால் பைத்தியம் என்றுதானே தோன்றும்? டாட்ஜ் அந்தச் சாம்பலில் குப்புறப் படுத்துப் பிழைத்தார். முகட்டுப் பாறையிடுக்கு வழியாக ஏறிய இருவர் பிழைத்தார்கள். மற்ற 13 பேரும் இறந்தார்கள்.

அவர் செய்தது சரி. ஆனால் சரியாகச் செய்கிறார் என்று அந்த அரை நிமிடத்தில் நம்புவதற்கு முன்பழக்கம் வேண்டும். கார்ல் வீக் என்ற, நிறுவனங்களும் குழுக்களும் இயங்கும் விதத்தை ஆராயும் அறிஞர் 1993இல் இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டு, தீ பரவிய விதத்தைவிடக் குழு குலைந்த விதத்தையே ஆராய்ந்தார். கருவியைக் கீழே போடு என்ற கட்டளை, ‘கருவி இல்லையென்றால் நான் யார்’ என்ற கேள்வியையும் கிளப்பிவிடுகிறது என்றார். வெட்டுக்கத்தியைக் கையில் வைத்தே பழகியவருக்கு இது விளங்கும்.

மறு ஆண்டு, 1994 ஜூலை 6. கொலராடோவின் ஸ்டார்ம் கிங் மலையில் 14 பேர் இறந்தார்கள். அவர்களில் 9 பேர் ஆரெகான் மாநிலத்தின் பிரைன்வில் ஹாட்ஷாட் குழுவினர். வெவ்வேறு பிரிவுகளிலிருந்து வந்தவர்கள் ஒரே சரிவில் வேலை செய்த நாள் அது. அதற்குப் பிறகுதான் காற்று, புல், சரிவு ஆகியவற்றோடு மனிதர்களையும் பாடமாக்க வேண்டும் என்ற முடிவு வலுத்தது. எல்-180, எல்-280, எல்-380 என்று வரிசையாகப் பயிற்சிகள். முதலாவது மனிதக் காரணிகளைப் பேசுகிறது. இரண்டாவது, பின்செல்பவர் எப்படித் தலைவராகிறார் என்பதை. மூன்றாவது, தீக்கோட்டில் நின்று நடத்தும் தலைமையை.

இவர்களுக்கென 2007இல் வெளியான தலைமைப் பண்புக் கையேட்டில் மூன்றே விழுமியங்கள்: கடமை, மரியாதை, நேர்மை. ‘குழுவை உருவாக்கு’ என்பது மரியாதையின் கீழே வருகிறது. கூடவே, உன் ஆட்களைத் தெரிந்துகொள், அவர்கள் நலனைப் பார், நடப்பதை அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிரு என்பவை. நம்மிடம் மரியாதை என்றாலே சின்னவர் பெரியவருக்குத் தருவது. அங்கே அந்தத் தலைப்பின் கீழ் உள்ளவை தலைவர் ஆட்களுக்குத் தரவேண்டியவை.

வகுப்பறைப் பேச்சோடு இது முடிவதில்லை. மணல் பரப்பிய மேசையில் மலையும் ஓடையும் செய்து, ‘இப்போது காற்று திரும்பிவிட்டது, என்ன செய்வாய்’ என்று கேட்பார்கள். வேலைக்கு அனுப்பும்போது என்ன செய்ய வேண்டும், எதற்காக, முடிந்தபின் நிலைமை எப்படி இருக்க வேண்டும் என்ற மூன்றையும் தலைவர் சொல்ல வேண்டும். ரேடியோ எட்டாத இடத்திலும் ஆள் தானே முடிவெடுக்க அது உதவும். வேலை முடிந்ததும் வட்டமாக நின்று, என்ன திட்டமிட்டோம், என்ன நடந்தது, ஏன், அடுத்த முறை என்ன மாற்றலாம் என்று பேசுவார்கள். அந்த வட்டத்தில் நேற்று சேர்ந்தவரும் தலைவரைப் பார்த்து ‘நீங்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லலாம். ஸ்டார்ம் கிங்கில் இறந்தவர்கள் ஓடிய பாதையிலேயே பயிற்சி பெறுபவர்களை நடக்கவைத்துக் கேள்வி கேட்பதும் உண்டு.

சரி, தமிழில் என்ன?

க்ரூவுக்குக் ‘குழு’ போதும். குழுமு என்றால் ஒன்றுகூடு. செயற்குழு, பொதுக்குழு என்று கட்சி வாடை அடிக்கிறது என்பவர்கள் ‘குழாம்’ எனலாம். இலங்கைத் தமிழ் ஏடுகள் கிரிக்கெட் அணிக்குத் தேர்ந்தவர்களைக் குழாம் என்றே எழுதுகின்றன.

கொஹீஷனில்தான் சிக்கல். ‘ஒற்றுமை’ சண்டையில்லாத நிலையைச் சொல்லும்; சண்டையே போடாத 13 பேர்தான் மான் கல்ச்சில் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். ‘கூட்டிணைவு’ தாவரவியல் பாடத்தில் நீர் மூலக்கூறுகள் ஒட்டி நிற்பதற்கு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. ‘கட்டுக்கோப்பு’ அழகான சொல்: கட்டுவது ஒன்று, மணிபோலக் கோப்பது ஒன்று. ஆனால் கட்டுக்கோப்பான இயக்கம் என்று சொல்லிச் சொல்லி, மேலிடம் சொன்னால் கீழே கேட்பது என்று அதன் பொருள் சுருங்கிவிட்டது. ‘கூற்றுடன்று மேல்வரினும் கூடி எதிர்நிற்கும்’ படையைப் பாடுகிறது குறள் (765). அந்தக் ‘கூடி’ எனக்கு வேண்டும், ‘எதிர்நிற்கும்’ வேண்டாம். இவர்கள் எமன் வந்தால் கூடி விலகத் தெரிந்திருக்க வேண்டியவர்கள்.

நான் ‘பிணைப்பு’க்கே வாக்களிக்கிறேன். களத்துமேட்டில் மாடுகளை வரிசையாக ஒன்றோடொன்று கட்டிக் கதிரின்மேல் சுற்றவிடுவதைப் பிணையல் என்பார்கள். ஒரு மாடு நின்றால் அத்தனையும் நிற்கும். ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பேற்பதும் பிணைதான். நீதிமன்றத்தில் பிணை நிற்பவர், இவர் ஓடிப்போனால் நான் பதில் சொல்கிறேன் என்கிறார். அடுத்தவர் உயிருக்கு நான் பிணை என்று இருபது பேரும் நினைப்பதைத்தான் அந்த வகுப்புகள் சொல்லித்தர முயல்கின்றன. ஒட்டு என்ற பொருளோடு நிற்கும் ஆங்கிலச் சொல்லில் இது கிடையாது.

ஒட்டு மிகையானாலும் ஆபத்து. ஸ்டார்ம் கிங் விசாரணை அறிக்கை, எதையும் முடித்துக்காட்டுவோம் என்ற மனப்போக்கு பாதுகாப்பு விதிகளைப் பின்னுக்குத் தள்ளியதைக் குறிப்பிடுகிறது. பக்கத்து ஆளுக்குச் சங்கடமாக இருக்குமே என்று சந்தேகத்தை விழுங்கிக்கொள்ளும் குழுவும் பிணைந்த குழுதான். அதற்கும் தமிழில் தயாராக ஒரு சொல் இருக்கிறது: தளை. யாப்பில் சீரைச் சீரோடு சேர்ப்பதும் தளை, காலில் பூட்டும் விலங்கும் தளை.

‘குழுப் பிணைப்பு’ என்று நண்பர் ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். “யாரை ஜாமீனில் எடுக்கப் போறீங்க?” என்றார். அந்த வாடை இருந்துவிட்டுப் போகட்டும்.