சொல் விளக்கம்: அலாரம்

'ஆயுதம் எடுங்கள்' என்ற பொருளில் இத்தாலியர் கூவிய 'அல்லார்மே' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் அலாரம் ஆயிற்று. நமக்கு அலாரம் என்றால் காலையில் எழுப்பும் கடிகாரம். கடலூர் சிப்காட்டில் ஈதர்நெட் ஸ்விட்ச் (கணினிகளையும் கருவிகளையும் கேபிளால் வலையமைப்பில் இணைக்கும் பெட்டி) பராமரிப்பவருக்கோ, பழுது நேர்ந்துவிட்டது, இன்னும் நீங்கவில்லை என்ற நிலை.

இதை 'எச்சரிக்கை' என்று பெயர்ப்பதில் சிக்கல் உண்டு. எச்சரிக்கை வரப்போவதைச் சொல்வது. பவர் சப்ளை செத்தபின் எச்சரிக்க என்ன இருக்கிறது? மேலும், சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் எக்ஸ்.733 தரநிலை அலாரங்களுக்கு கிரிட்டிக்கல், மேஜர், மைனர், வார்னிங் என்று தரம் பிரிக்கிறது. வார்னிங்குக்கும் அதே சொல்லை வைத்தால் 'எச்சரிக்கை எச்சரிக்கை' என்றுதான் எழுத வேண்டிவரும். பழுதறிவிப்பு என்பதே பொருந்தும். எஃப்.சி.எஸ். (ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் கடைசியிலும் வரும் சரிபார்ப்பு எண்) கணக்கில் தவறும் பிட்டுகள் 'பிழை'. அவை வரம்பு மீறும்போதுதான் 'பழுது'.

சிஸ்கோ நிறுவனம் தொழிற்சாலைகளுக்காகச் செய்யும் ஐ.இ. வகை ஸ்விட்சில் அந்த வரம்பு, மாற்றாதவரை, பத்துக் கோடி பிட்டுக்கு ஒரு பிழை. விகிதம் வரம்பை ஒட்டி ஏறி இறங்கும்போது அறிவிப்பு விட்டுவிட்டு வராமலிருக்க பழுதை எழுப்பும் அளவுக்கும் நீக்கும் அளவுக்கும் நடுவே 10 சதவீத இடைவெளியும் உண்டு. போர்ட்டுகளுக்கு (கேபிள் செருகும் துளைகள்) ஓர் அலாரம் புரொஃபைல், அதாவது எதையெல்லாம் அறிவிப்பது என்ற பட்டியல், எழுதி, இணைப்பு அறுதல் போன்ற பழுதுகளைச் சேர்த்து, ஒவ்வொன்றும் சிஸ்லாக் (நிகழ்வுப் பதிவேடு), எஸ்.என்.எம்.பி. (வலையமைப்பு வழியே கண்காணிக்கும் முறை), ரிலே (மின்சுற்றைத் திறந்து மூடும் விசை) இவற்றில் எதற்குப் போக வேண்டும் என்று சொல்ல வேண்டும். எழுதிவிட்டு அதைப் போர்ட்டில் பொருத்த மறப்பதும், டிராப் (எஸ்.என்.எம்.பி. வழி தானாகப் போகும் பழுதுச் செய்தி) அனுப்பும் கட்டளையைத் தனியாக இயக்காமல் விடுவதும் வழக்கமான தவறுகள். மாலையில் அணைக்கும் அலுவலகக் கணினியின் போர்ட்டில் இணைப்புப் பழுதைச் சேர்க்காதீர்கள். தினமும் ஐந்தரை மணிக்குக் கூச்சல் கேட்கும், பத்தாம் நாள் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

கடலூர், புதுச்சேரி துறைமுகங்களில் ஏற்றும் புயல் கூண்டும் ஒரு வகை அலாரம்தான். பொதுவாக எண் ஏற ஆபத்தும் ஏறும். 11 மட்டும் தனி: வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். ஸ்விட்சுக்கும் அப்படியொரு 11 வேண்டும். ஏனெனில் டிராப் யு.டி.பி. என்ற அனுப்பு முறையில் 162-ஆம் போர்ட்டுக்கு (இது கேபிள் துளை அல்ல, கண்காணிப்புக் கணினியில் செய்தி சேரும் எண்), அதே வலையமைப்பு வழியாகத்தான் போகிறது. பெற்றேன் என்ற பதிலும் வராது. மைய வலையமைப்புக்குப் போகும் ஒரே இணைப்பான அப்லிங்க் அறுந்தால் அறிவிப்பு வெளியே வர வழியில்லை.

அதற்குத்தான் ரிலே முனைகள். நல்ல நிலையில் சுற்று மூடியிருந்து, பழுதிலும் மின்தடையிலும் திறக்கும்படி வயரிங் செய்யுங்கள். கம்பி அறுந்தாலும் பழுதாகவே தெரியும். உப்புக்காற்றில் டெர்மினல் களிம்பேறினால் பொய்ப் பழுது காட்டும், ஆனால் மெய்ப் பழுதை மறைக்காது. ரிலே முனைகள் பல மாடல்களில் 24 வோல்ட் டி.சி.யில் 1 ஆம்பியர்தான் தாங்கும். ஹூட்டரை (ஒலிப்பான்) நேரே மாட்டாமல் இடையில் துணை ரிலேயும், அதன் காயிலுக்குக் குறுக்கே டயோடும் போடுங்கள். இல்லையேல் முனை கருகி ஒட்டிக்கொள்ளும்.

எல்லாம் முடிந்ததும் கேபிளைப் பிடுங்கிச் சோதியுங்கள். கூண்டு ஏறியது போதாது. கேபிளைத் திரும்பச் செருகியதும் இறங்குகிறதா, அதாவது 'பழுது நீங்கியது' என்ற செய்தி கன்ட்ரோல் ரூமுக்கு வருகிறதா என்றும் பாருங்கள்.