சாம்பலைப் பிடிக்கும் ஊதா வெளிச்சம்

அனல்மின் நிலையத்தில் உலைக்கும் புகைபோக்கிக்கும் நடுவில், மாடி வீடு உயரத்துக்கு இரும்புப் பெட்டிகள் வரிசையாக நிற்கும். அங்கே வேலை பார்ப்பவர்கள் ஈ.எஸ்.பி. (எலெக்ட்ரோஸ்டேட்டிக் பிரெசிப்பிடேட்டர், மின்சாரத்தால் தூசு பிடிக்கும் கருவி) என்பார்கள். நம் ராணிப்பேட்டை பெல் ஆலையில் செய்வதும் இவற்றைத்தான். இந்திய நிலக்கரியை 100 கிலோ எரித்தால் 30, 40 கிலோ சாம்பலாகவே மிஞ்சும். அதில் பெரும்பகுதி மாவு போலப் புகையோடு பறக்கும். அதைப் பிடித்து நிறுத்துவது பிளாஸ்மா, அதாவது எலெக்ட்ரான்கள் கழன்று மின்சாரத்தைக் கடத்தும் வாயு.

பெட்டிக்குள் வரிசையாகத் தகடுகள், நடுநடுவே மெல்லிய கம்பிகள். கம்பிக்குப் பல ஆயிரம் வோல்ட் எதிர் மின்னழுத்தம் கொடுப்பார்கள். கம்பி மெலிதாக இருப்பதில்தான் சூட்சுமம்: மின்புலம் அதன் மேற்பரப்பை ஒட்டி வலுவாகக் குவிந்துவிடும். அங்கே திரியும் ஓர் எலெக்ட்ரான் வேகமெடுத்துக் காற்று மூலக்கூறை மோதும், இன்னொரு எலெக்ட்ரான் கழன்று விழும், இரண்டும் போய் மோதி நான்காகும். கம்பியைச் சுற்றி மங்கலான ஊதா வெளிச்சம் தெரியும். இந்தப் பிளாஸ்மாவுக்குக் கொரோனா என்று பெயர் (கிருமிக்கு வெகுகாலம் முன்பே வைத்தது). சற்றுத் தள்ளிப் போனதும் எலெக்ட்ரான்கள் வேகம் குறைந்து ஆக்சிஜனோடு ஒட்டி அயனிகளாகின்றன. அவை சாம்பல் துகளில் ஏற, துகள் தகட்டை நோக்கி இழுபடுகிறது. அப்புறம் என்ன, சுத்தியலால் தகட்டைத் தட்டினால் சாம்பல் கீழே கொட்டும். செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் போவது அதுதான்.

1907 வாக்கில் கலிபோர்னியாவில் ஃபிரெடரிக் காட்ரெல் என்ற வேதியியலாளர் இதை முயன்றபோது, வெறும் கம்பியில் அங்கங்கே சில புள்ளிகளில்தான் மின்சாரம் கசிந்தது. ஒரு நாள் அந்தி இருட்டில், பருத்தி நூல் சுற்றிய கம்பி மட்டும் நெடுக ஒளிர்வதைக் கவனித்தார். நூலின் பிசிறுகள் ஒவ்வொன்றும் ஓர் ஊசிமுனையாக வேலை செய்திருக்கின்றன!

நன்றாக ஓடும் பெட்டி 99 சதவீதத்துக்கு மேல் துகள்களைப் பிடித்துவிடும். கந்தக டை ஆக்சைடு போன்ற வாயுக்கள் தப்பிவிடும், அதற்கு வேறு கருவி வேண்டும்.

நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு. காற்றுக்கு நல்லதுதான். ஆனால் அதனாலேயே சாம்பல் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. தகட்டில் படிந்த துகள் தன் மின்னூட்டத்தை விடாமல் வைத்துக்கொள்ளும். படிவு தடித்ததும் அதற்குள்ளேயே பொறி கிளம்பி, பிடித்த சாம்பலைத் திரும்பப் புகைக்குள் தள்ளிவிடும். இதைச் சமாளிக்கச் சில மின் நிலையங்கள் செய்யும் வைத்தியம் வேடிக்கையானது. கந்தகத்தைத் தனியே வாங்கி எரித்து, கந்தக டிரை ஆக்சைடாக்கி, கொஞ்சமாகப் புகைக்குள் ஊதுகிறார்கள்.