ஜெனரிக் மருந்து: பொதுவாக இருப்பது மருந்தா, பெயரா?

மருந்துச் செலவைக் குறைக்க வழி கேட்டால் முதலில் காதில் விழும் சொல் ‘ஜெனரிக்’. ‘தரம் குறைந்த மலிவு மருந்து’ என்று இதைப் புரிந்துகொண்டவர்கள் ஏராளம். சொல்லின் பிறப்பைப் பார்த்தால் விலையைப் பற்றியோ தரத்தைப் பற்றியோ அதில் ஒரு பேச்சும் இல்லை.

லத்தீனில் ‘கெனுஸ்’ என்றால் இனம், வகை. அதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன ‘ஜெனரிக்’ என்ற சொல்லுக்கு, ஓர் இனம் முழுவதற்கும் பொதுவானது என்று பொருள்.

மருந்துகளில் இப்படிப் பொதுவாக இருப்பது பெயர். அட்டையில் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று நிறுவனம் வைத்த வணிகப்பெயர். மற்றொன்று உள்ளே உள்ள வேதிப்பொருளின் பெயர். அது யாருக்கும் சொந்தமில்லை. உலக சுகாதார நிறுவனம் 1953 முதல் இந்தப் பெயர்களைப் பட்டியலாக வெளியிட்டு வருகிறது.

பள்ளியில் படித்த இடுகுறிப்பெயரும் காரணப்பெயரும் இங்கே அழகாகப் பொருந்துகின்றன. வணிகப்பெயர் பெரும்பாலும் இடுகுறி. பொதுப்பெயரிலோ காரணம் ஒளிந்திருக்கும். அட்டெனோலால், மெட்டோபிரோலால் என ‘ஓலால்’ என்று முடிந்தால் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் தணிக்கும் குடும்பம். ‘வாஸ்டாட்டின்’ என்று முடிந்தால் கொலஸ்ட்ராலைக் குறைப்பது.

சரி, விலை ஏன் குறைகிறது? காப்புரிமை பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. அது முடிந்த பிறகு மற்ற நிறுவனங்களும் அதே மருந்தைத் தயாரிக்கலாம். முதல் நிறுவனம் நடத்திய பெரிய ஆய்வுகளை அவை மீண்டும் நடத்த வேண்டியதில்லை. தங்கள் மாத்திரையிலிருந்தும் ஏறத்தாழ அதே அளவு மருந்து அதே வேகத்தில் இரத்தத்தில் சேர்கிறது என்று காட்டினால் போதும். பல நிறுவனங்கள் போட்டிக்கு வரும்போது விலை இறங்குகிறது.

தமிழில் ‘பொது மருந்து’ என்று சிலர் எழுதுகிறார்கள். எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்பதுபோல் ஒலிப்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘மூலப்பெயர் மருந்து’ என்றால் முதலில் கண்டுபிடித்த நிறுவனத்தின் மருந்தோ என்று தோன்றும், பொருளே தலைகீழாகிவிடும். ‘பொதுப்பெயர் மருந்து’ என்பதே சரி. ‘பொது’ என்பது அங்கே பெயரைத்தான் பற்றி நிற்கிறது.

மருந்துச்சீட்டு எழுதும்போதே, “டாக்டர், இதைப் பொதுப்பெயரில் வாங்கலாமா?” என்று கேட்டுவிடுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், தைராய்டு குறைபாட்டுக்கான லெவோதைராக்சின், சில வலிப்பு மருந்துகள் ஆகியவற்றில் சிறு வேறுபாடும் உடலைப் பாதிக்கக்கூடும். அவற்றை நீங்களாக மாற்ற வேண்டாம். அப்புறம், வீட்டில் இருக்கும் அட்டைகளையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். காய்ச்சலுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று வாங்கிய இரண்டிலும் பாராசிட்டமால் என்றே எழுதியிருக்கலாம். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் அளவு மீறிக் கல்லீரல் பாதிக்கப்படலாம்.