எண்டோதீலியம் என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஸ்க்ளீரோடெர்மா என்ற நோயில் தோல் இறுகும் முன்பே பெரும்பாலும் விரல் காட்டிக்கொடுத்துவிடும். ஃபிரிட்ஜிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்த கையில் இரண்டு விரல் மட்டும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுக்கும். அப்புறம் நீலம் பாயும். சூடு பட்டதும் சிவந்து எரியும். டாக்டர்கள் ‘ரேனோ’ என்று எழுதுவது இதைத்தான். (விரல் வெளுக்கிற எல்லோருக்கும் இந்த நோய் என்று பயப்பட வேண்டாம், பெரும்பாலோருக்கு அது அதோடு நின்றுவிடும்.) நோய்க்குப் பெயர் வைத்தவர்கள் கண்ணுக்குத் தெரிந்ததை வைத்தே வைத்தார்கள்: கிரேக்கத்தில் ஸ்க்ளீரோஸ் என்றால் கடினம், டெர்மா என்றால் தோல். முதலில் அடிபடுவதோ நுண்ணிய ரத்தக் குழாய்களின் உள்சுவர். அதன் பெயர்தான் எண்டோதீலியம்.

இந்தச் சொல்லின் பிறப்பு கொஞ்சம் வேடிக்கையானது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு உடற்கூற்றியலாளர் ஃப்ரெடெரிக் ரய்ஷ், முலைக்காம்பை மூடியிருக்கும் மெல்லிய தோலுக்கு ஒரு பெயர் தேடினார். கிரேக்கத்தில் ‘எபி’ என்றால் மேல், ‘தேலே’ என்றால் முலைக்காம்பு. அப்படி வந்தது எபிதீலியம். பிறகு அந்தப் பெயர் உடம்பின் எல்லா மேல்போர்வைக்கும் பரவிவிட்டது. 1865இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் இருந்த உடற்கூற்றியலாளர் வில்ஹெல்ம் ஹிஸ், குழாய்களின் உள்பக்கத்தைப் போர்த்தும் படலம் வேறு வகை என்று பிரித்து, ‘எபி’யை எடுத்துவிட்டு ‘எண்டோ’ (உள்ளே) சேர்த்தார். எழுத்துக்கு எழுத்து பொருள் பார்த்தால் ‘முலைக்காம்புக்கு உள்ளே’! ரத்தக் குழாய்க்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

தமிழில் ‘உட்படலம்’, ‘அகச்சவ்வு’ என்று எழுதுகிறார்கள். இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. உட்படலம் என்றால் இதயத்தின் உள்ளுறையா, குழாயின் உள்ளுறையா என்று தெரியாது. சவ்வு என்ற சொல் செல்லின் சவ்வுக்கே போய்விட்டது. இலங்கைப் பாடநூல் மரபு எபிதீலியத்தை ‘மேலணி’ என்கிறது. அதே வழியில் வருவது ‘அகவணி’. அகம் + அணி. அணி என்றால் உடுப்பது, பூண்பது மட்டுமல்ல, வரிசையும்தான். படையணி என்கிறோமே, அந்த அணி. இந்தப் படலம் ஒரே ஒரு வரிசை செல்களால் ஆனது, தரையில் ஓடு பதித்த மாதிரி. போர்த்துவதும் வரிசையும் ஒரே சொல்லில் கிடைத்துவிடுகின்றன. கிரேக்கத்தைவிட இது பொருத்தம் என்பேன்.

சரி, இந்தப் படலம் கெட்டிருப்பதை ரத்தப் பரிசோதனையில் எப்படி அறிவது? அகவணி காயப்பட்டால் சும்மா இருக்காது. கைவசம் உள்ளதை ரத்தத்தில் கொட்டும். அதை அளந்து சேதத்தை ஊகிக்கலாம். அப்படி அளக்கப்படும் பொருள்தான் பயோமார்க்கர், தமிழில் உயிர்க்குறிப்பான். அவற்றில் ஒன்று ஈ-செலக்டின் என்ற புரதம்; அதில் உள்ள ‘ஈ’ எண்டோதீலியத்தின் முதலெழுத்து. ரத்தத் தட்டுகள் ஒட்டிக்கொள்ள உதவும் வான் வில்லிபிராண்ட் காரணி, அகவணிச் செல்களுக்குள் சிறு பொதிகளாகக் காத்திருந்து காயம்பட்டதும் வெளியே வரும். 1988இல் ஜப்பானின் ட்சுகூபா பல்கலைக்கழகத்தில் மசாஷி யானகிசாவாவும் உடனிருந்தவர்களும் கண்டறிந்த எண்டோதீலின், 21 அமினோ அமிலங்களே கொண்ட துணுக்கு; ஆனால் குழாயை அப்படியே பிடித்து நெரித்துவிடும். அது செல்லில் போய் உட்காரும் இடமான ஏற்பியை அடைப்பதுதான் போசென்டான் மாத்திரையின் வேலை. ஸ்க்ளீரோடெர்மாவில் விரல் நுனியில் புதுப் புண்கள் வருவதை அது குறைக்கிறது; வந்த புண்ணை ஆற்றுவதில்லை.

இந்த மூன்று உயிர்க்குறிப்பான்களும் ஸ்க்ளீரோடெர்மாவில் கூடுகின்றன என்பது உண்மை. ஆனால் சாதாரணத் தொற்றுக் காய்ச்சலிலும் வில்லிபிராண்ட் காரணி ஏறும். ஆகவே ஒற்றை எண்ணைப் பார்த்து யாரும் நோயை முடிவு செய்வதில்லை. நகம் முளைக்கும் ஓரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு உருப்பெருக்கியில் பார்ப்பார்கள். நலமான விரலில் நுண்குழாய்கள் கொண்டை ஊசிபோல் ஒழுங்காக நிற்கும். இந்த நோயில் சில பூதாகரமாக வீங்கி, சில கசிந்து, நடுநடுவே வெற்றிடம் விழுந்திருக்கும்.

‘எண்டோதீலியல் டிஸ்ஃபங்ஷன்’ என்று வந்தால் ‘அகவணிச் செயற்குறை’ என்று தயங்காமல் எழுதலாம். எண்டோதீலினை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். அது பொருளின் பெயர், இன்சுலின் மாதிரி.