மூடாத ரத்தக்குழாய்: குழந்தைக்கு ஆபரேஷன் வரை அரசு செலவில்

அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழு, "நெஞ்சில் ஒரு சத்தம் கேட்குது, எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பாருங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் அதைப் பத்திரமாக வைத்திருங்கள். இலவச சிகிச்சை அந்தச் சீட்டில்தான் தொடங்குகிறது.

இது 2013 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. (ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம்) என்ற குழந்தைகள் நலத் திட்டம். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை 30 வகைக் குறைபாடுகளைத் தேடிப் பார்க்கிறார்கள். அங்கன்வாடியில் ஆண்டுக்கு இரண்டு முறை, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஒரு முறை பரிசோதனை நடக்கும். பிறவி இதயக் கோளாறும் அந்த முப்பதில் ஒன்று. பி.டி.ஏ. எனப்படும் மூடாத ரத்தக்குழாய் அதற்குள்தான் வருகிறது.

கருவில் இருக்கும்போது குழந்தை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. அதனால் நுரையீரலுக்குப் போக வேண்டிய ரத்தத்தைப் பெருந்தமனிக்கு (இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கிய ரத்தக்குழாய்க்கு) திருப்பிவிட ஒரு சிறு குழாய் இருக்கிறது. பிறந்து இரண்டு மூன்று நாளில் அது சுருங்கி மூட வேண்டும். சில குழந்தைகளுக்கு, குறிப்பாகக் குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு, மூடுவதில்லை. அப்போது பெருந்தமனி ரத்தம் நுரையீரலுக்கே திரும்பிப் பாய்கிறது. பால் குடிக்கும்போது மூச்சு வாங்கும், வியர்க்கும், எடை ஏறாது, அடிக்கடி நிமோனியா வரும். குழாய் சிறியதாக இருந்தால் இது எதுவுமே தெரியாது, சத்தம் மட்டும்தான். ஆகவே ஓடியாடி விளையாடுகிற பிள்ளையையும் பரிசோதனை நாளில் தவறாமல் அனுப்புங்கள்.

சரி, சீட்டு கையில் இருக்கிறது. மாவட்ட அளவில் இதற்கென உள்ள, குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் இடையீட்டு மையத்துக்குப் போனால், எக்கோவுக்கும் அப்புறம் இதய சிகிச்சை உள்ள பெரிய மருத்துவமனைக்கும் அனுப்புவார்கள். பெரும்பாலும் தொடை ரத்தக்குழாய் வழியே கதீட்டர் என்ற மெல்லிய டியூபைச் செலுத்தி அந்தக் குழாயை அடைத்துவிடலாம். அது பொருந்தாத குழந்தைக்கு இடப்பக்க விலா வழியாக ஆபரேஷன் செய்து குழாயைக் கட்டுவார்கள். இதயத்தைத் திறப்பதில்லை. 1938 முதல் செய்துவருகிற ஆபரேஷன் இது, தைரியமாக இருங்கள்.

செலவு திட்டத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் கொண்டுபோங்கள்.

"வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும் எக்கோவைத் தள்ளிப்போடாதீர்கள். பெரிய குழாயை வருடக்கணக்கில் விட்டால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் கெட்டிப்பட்டுவிடும். பிறகு மூடவே முடியாத நிலை வரலாம். பரிசோதனை நாளில் பிள்ளை வராமல் போயிருந்தால் அடுத்த முறைக்காகக் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் நேராகவே காட்டுங்கள்.