"புல்லட் ஸ்டாண்டு ஒண்ணு குடுங்க"ன்னு மட்டும் கேக்காதீங்க

போன தை மாசம் ஒரு தம்பி 1972 மாடல் புல்லட்ட தள்ளிக்கிட்டே பட்டறைக்கு வந்தாரு. தாத்தா வண்டி. வலது பக்கம் டேங்க்ல ஒரு நெளிசல், கியர் லிவர் உள்ள மடங்கிக் கிடக்கு (பழைய புல்லட்ல கியர் வலது கால்லதானே). என்னடான்னு கேட்டா, டீக்கடை வாசல்ல சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்திட்டு டீ குடிச்சிட்டு இருந்திருக்காரு, ஒரு பஸ்ஸு ஒட்டிப் போயிருக்கு, அந்தக் காத்துக்கே வண்டி வலது பக்கமா சாஞ்சிருச்சு. அதுக்கப்புறம் வேற ஸ்டாண்டு வாங்கி மாட்டுனா அது ஆடுது, அதையும் கழட்டி ஒருத்தர்கிட்ட வெட்டி ஒட்டி வாங்கிட்டு வந்தா இப்ப வண்டி இடது பக்கம் படுத்துக்கிற மாதிரி சாயுது, கார்புரேட்டர்ல பெட்ரோல் சொட்டுது. "இது மூணாவது அண்ணே, ஒரிஜினல் ஸ்டாண்டு எங்க கிடைக்கும்?"ன்னாரு. நான் திருப்பிக் கேட்டேன், வண்டியோட வந்த ஸ்டாண்டு எங்கடா? "அது ஊர்ல எங்கயாச்சும் கிடக்கும்ணே, துருப்புடிச்சிருச்சுன்னு அப்பவே கழட்டிட்டோம்."

இருபது வருஷத்துக்கு மேல பழைய வண்டிங்க வேலைதான் பாக்குறேன், சைடு ஸ்டாண்டு மாதிரி அலட்சியமா வாங்குற பார்ட் வேற ஒண்ணு கிடையாது. பிஸ்டன் வாங்கும்போது சைஸ் கேப்பாங்க, கிளட்ச் பிளேட்டுக்கு கம்பெனி கேப்பாங்க, ஸ்டாண்டுக்கு மட்டும் "புல்லட்டுது", "ஆர்எக்ஸ்து" அவ்வளவுதான். 160 கிலோவுக்கு மேல இருக்கிற வண்டிய ஒரே ஒரு கம்பில சாச்சு வச்சிட்டு, பக்கத்துல குழந்தை விளையாடுதுங்கிறத மறந்துட்டு நாம உள்ள போயிடறோம்.

கடைக்காரர மட்டும் குத்தம் சொல்லியும் பிரயோஜனம் இல்ல. புல்லட்டுன்னா மாறவே மாறாத வண்டின்னு ஒரு பேரு இருக்கு. 1955ல திருவொற்றியூர்ல ஆரம்பிச்சு ஐம்பது வருஷத்துக்கு மேல அதே வார்ப்பிரும்பு இன்ஜின் ஓடுச்சுங்கிறது உண்மைதான், ஆனா அதுக்குள்ள 6 வோல்ட் 12 வோல்ட் ஆச்சு, நாலு கியர் அஞ்சாச்சு, வலது கியர் இடது பக்கம் வந்துச்சு, அது இடது பக்கம் வந்ததும் பிரேக் பெடல் வலது பக்கம் போயிருச்சு, அப்ப சைடு ஸ்டாண்டு மடங்கி உக்கார்ற இடத்துக்குப் பக்கத்துல இருக்கிற சாமானே மாறிப்போச்சு. பெட்டியில "புல்லட் 350"ன்னு போட்டிருக்கிறதுனால உங்க வண்டிக்கு அது உக்காரும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது. ஆன்லைன்ல "எல்லா மாடலுக்கும் பொருந்தும்"னு போட்டு விக்கிறாங்க பாருங்க, அத நான் "எதுக்கும் சரியா பொருந்தாது"ன்னுதான் படிப்பேன்.

ஸ்டாண்டு தேடி அலையறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. வண்டி முன்னவிட ஜாஸ்தி சாயுதா, இல்ல ரொம்ப நிமிந்து நிக்குதா? ஜாஸ்தி சாஞ்சா பெரும்பாலும் தேய்மானம். பிவட் போல்ட் (ஸ்டாண்டு மடங்கித் திரும்புற அச்சு போல்ட்) துளை நீள்வட்டமா தேஞ்சிருக்கும், கம்பி வெளிப்பக்கமா விரிஞ்சு போகும், இல்லேன்னா ஸ்டாண்டு முன்னாடி போய் முட்டி நிக்குற அந்த ஸ்டாப்பர் தேஞ்சு ஸ்டாண்டு நிக்க வேண்டிய இடத்தத் தாண்டி முன்னால போயிருக்கும், முன்னால போகப் போக உயரம் குறைஞ்சுடும். நாம பாத்துட்டு "ஸ்டாண்டு குட்டையா இருக்கு"ன்னு முடிவு பண்ணி நீளமா ஒண்ணு வாங்கி மாட்டிடுவோம், தேஞ்சது அப்படியேதான் இருக்கும், ஆறு மாசத்துல லக்கே பிஞ்சிக்கும். சேஸிஸ்ல இருக்கிற அந்தக் காது மாதிரி துண்டத்தான் லக்குன்னு சொல்றேன், அது பிஞ்சா ஸ்டாண்டு விலையோட முடியாது.

நிமிந்து நின்னா கதையே வேற, ஸ்டாண்டு வளரலைங்க, வண்டிதான் இறங்கியிருக்கு. ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங் சோர்ந்து போயிருக்கும், இல்ல வீல மாத்தியிருப்பீங்க. தம்பி வண்டியில ரெண்டுமே. அந்தக் கால புல்லட்டுக்கு முன்னும் பின்னும் 3.25-19 டயரு, இவரு ரெண்டையும் கழட்டிட்டு 18 இன்ச் அலாய் போட்டிருந்தாரு. டயரோட பக்கச்சுவர் உயரம் அதேன்னு வச்சுக்கிட்டாலும் வண்டி அரை இன்ச், அதாவது 12.7 மில்லி இறங்கிரும். அரை இன்ச்தானேன்னு தோணும். ஸ்டாண்டு நுனி டயர் ஓடுற கோட்டுல இருந்து ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் தள்ளி ஊணுதுன்னு வச்சுக்குங்க, அங்க 1 சென்டிமீட்டர் ஏற இறங்க இருந்தா வண்டி சாய்வுல கிட்டத்தட்ட 2 டிகிரி மாறும். நான் பழைய வண்டிகளுக்கு 10ல இருந்து 12 டிகிரி வரைக்கும் சாய்வு வைப்பேன், அதுல ரெண்டரை டிகிரி வீல்லயே போச்சு, மிச்சத்த சோர்ந்த ஷாக் அப்சார்பர் சாப்பிட்டுருச்சு, அப்புறம் பஸ் காத்துக்கு விழாம என்ன பண்ணும்.

ரெண்டாவது ஸ்டாண்டு ஏன் ஆடுச்சுன்னு கழட்டிப் பாத்தா எனக்கே சிரிப்பு வந்துச்சு. பழைய புல்லட்ல நிறைய இடத்துல போல்ட் எல்லாம் இன்ச் கணக்கு, இப்ப கடையில கிடைக்கிறது எல்லாம் மில்லி கணக்கு. யாரோ லக் துளைய 10 மில்லிக்கு தொரந்து வச்சிட்டு அதுக்குள்ள 3/8 இன்ச் போல்ட்ட விட்டிருக்காங்க. 3/8ங்கிறது 9.5 மில்லி. அரை மில்லி லூசு எங்கயோ மூலையில இருந்தா பரவால்ல, இது பிவட்ல இருக்கு. லக் கனம் 15 மில்லி, ஸ்டாண்டு நீளம் கால் மீட்டர்னா, மேல அரை மில்லி ஆடுறது கீழ நுனியில 8 மில்லியா ஆடும். அதுவும் அந்த போல்ட்டு தலையில இருந்து நுனி வரைக்கும் மரை போட்ட போல்ட்டு, மரை ரம்பம் மாதிரி துளைய அறுத்துக்கிட்டே இருக்கும். பிவட்டுக்கு நடுவுல மொழுக்குனு இருக்கிற போல்ட்டுதான் போடணும், துளை தேஞ்சிருந்தா லேத்துல குடுத்து பெருசு பண்ணி புஷ், அதாவது உள்ள ஒரு உலோக வளையம், இறக்கணும், கடைசில தானா கழலாத நைலாக் நட்டு. நட்ட முறுக்கி இறுக்கிட்டு ஸ்டாண்டு மடங்க மாட்டேங்குதுன்னு ஆயில் விடுறவங்களும் இருக்காங்க, அத என்னன்னு சொல்ல.

வெட்டி ஒட்டுன விஷயத்துக்கு வர்றேன், எனக்கு ரொம்ப கோவம் வர்ற இடம் இது. நீளமான ஸ்டாண்ட நடுவுல வெட்டி, ரெண்டு முனையையும் நேருக்கு நேர் வச்சு மேலாப்புல வெல்டிங் சுத்தி, கிரைண்டர் போட்டு வழவழன்னு ஆக்கி, கறுப்பு பெயின்ட் அடிச்சிட்டா புதுசு மாதிரிதான் இருக்கும். உள்ள பிடிப்பே இருக்காது. ஒரு நாள் பட்டுனு விட்டுரும். நீளம் கொஞ்சம் பத்தலேன்னா நடுவுல கை வைக்காதீங்க, கீழ பாதத் தகட்டுக்கு அடியில இன்னொரு தகடு வச்சு ஒட்டிக்கலாம். குறைக்கணும்னாலும் பாதத்த கழட்டி கம்பியோட அடி முனையில குறைச்சிட்டு திரும்ப பாதம் ஒட்டுங்க. வண்டியில இருக்கும்போதே வெல்டிங் வைக்கிறது வேண்டவே வேண்டாம், பெட்ரோல் டேங்க் தலைக்கு மேல இருக்கு. வேற வழியே இல்லேன்னா டேங்க்க கழட்டி தூரமா வச்சிட்டு பேட்டரி வயர கழட்டிட்டுதான் ஆரம்பிக்கணும்.

சேஸிஸ்ல புதுசா பிராக்கெட் ஒட்டுறதப் பத்தி ஒண்ணு. 2021ல மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குன்னு தனி பதிவு விதி கொண்டு வந்துச்சு, முதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டுன வண்டி, அதோட பழைய உருவம் கெடாம இருக்கணும், சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாத்தம் பண்ணியிருக்கக்கூடாது. நம்ம தம்பிக்கும் அந்தப் பதிவு மேல ஆசை. அப்ப எதுக்குடா அலாய் வீலுன்னு கேட்டேன், பதில் இல்ல. ஸ்டாண்டுக்குன்னு சேஸிஸ் பைப்ல துண்டு இரும்ப ஒட்டி வச்சா நாளைக்கு அதையும்தானே கேப்பாங்க.

சரி, ஸ்டாண்டு வாங்கியே ஆகணும், எப்படி அளக்கிறது? மொதல்ல டயர்ல காத்து சரியா பிடிச்சுக்குங்க, ஷாக் அப்சார்பர், வீல் வேலை எல்லாம் முடிச்சிட்டு கடைசியாதான் ஸ்டாண்டுக்கு வரணும், மாத்தி செஞ்சா ரெண்டு செலவு. சமதளத்துல ஒருத்தர் வண்டிய பிடிச்சுக்கட்டும், நேரா நிக்குற வண்டிய மெதுவா இடது பக்கம் சாய்க்கச் சொல்லுங்க, போன்ல லெவல் பாக்குற ஆப் இருக்கே, அத ரிம்மோட பக்கவாட்டுல ஒட்டி வச்சா டிகிரி காட்டும். 11 வந்ததும் நிறுத்தச் சொல்லிட்டு, லக் துளையோட மையத்துல இருந்து ஸ்டாண்டு நிக்க வேண்டிய சாய்வுலயே ஒரு மூங்கில் குச்சிய தரைக்குப் பிடிச்சு அடையாளம் போட்டு வெட்டிக்குங்க. வெளிப்பக்கமா சாயணும், கூடவே கொஞ்சம் முன்னாடியும் சாயணும். அந்தக் குச்சிதான் உங்க அளவு. அதோட லக் கனம், துளை விட்டம், ஸ்டாண்டு தலையில இருக்கிற ரெண்டு காதுக்கு நடுவுல இடைவெளி, இத வெர்னியர்ல எடுத்து ஒரு சீட்டுல எழுதிக்கிட்டு, லக்க நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கிட்டு சென்னையில பழைய பார்ட்ஸ் விக்கிற புதுப்பேட்டைக்குப் போங்க. டெல்லி கரோல் பாக்ல இருந்து வரவழைச்சாலும் சரி, இந்த அளவ அனுப்பி "துளை மையத்துல இருந்து பாதம் வரைக்கும் எவ்வளவு"ன்னு கேளுங்க, டேப் வச்சு போட்டோ அனுப்ப மாட்டேன்னு சொல்ற ஆள்கிட்ட வாங்காதீங்க. புதுப்பேட்டையில குச்சிய எடுத்துக்கிட்டு அலைஞ்சா சில பேரு சிரிப்பாங்க, சிரிச்சிட்டுப் போகட்டும். கையில எடுத்துப் பாக்கும்போது பளபளப்புல மயங்காம தலையில வெல்டிங் எப்படி இருக்குன்னு பாருங்க, உள்ள குழாயா கெட்டிக் கம்பியான்னு தட்டிப் பாருங்க. அவசரத்துக்கு ஆர்எக்ஸ் 100 மாதிரி ஏறக்குறைய 100 கிலோ வண்டியோட ஸ்டாண்ட வளைச்சு புல்லட்டுக்கு மாட்டுற வேலை வேண்டாம்.

ஏன் முன்னாடி சாயணும்னு சொன்னேன்னா, ஸ்டாண்டு எப்பவும் பின்னாடிதான் மடங்கணும். இப்ப வர்ற வண்டிங்கள்ல ஸ்டாண்டு போட்டு கியர் போட்டா இன்ஜின் நின்னுரும், நம்ம பழசுங்களுக்கு அந்த சுவிட்ச் எல்லாம் ஏது. எடுக்க மறந்து கிளம்பி இடது பக்கம் திரும்பினா ஸ்டாண்டு நுனி ரோட்டுல குத்தி பின் வீலையே தூக்கிரும், ஆள் கீழ. பாதம் உருண்ட ஓரமா பின்னால மடங்குற மாதிரி இருந்தா தரையில இடிச்ச வேகத்துல தானா மடங்கித் தொலையும். பாதத்த கூரா ஒட்டி வச்சா கடப்பாரை மாதிரி குத்திக்கும். ஸ்பிரிங்கும் முக்கியம், பாதி மடக்கி கைய விட்டா நடுவுல தொங்கக் கூடாது, ஒண்ணு மேல படக்குனு போகணும் இல்ல கீழ வரணும். மேட்டுப் பள்ளத்துல ஸ்டாண்டு தானா இறங்குதுன்னா பழைய ஸ்பிரிங்க இழுத்து மாட்டாம புதுசு போடுங்க, அது ஒண்ணும் சொத்து விலை இல்ல.

இன்னொண்ணு, சைடு ஸ்டாண்டுல நிக்க வச்சே மேல ஏறி நின்னு கிக்கர் உதைக்கிறது. பாக்க கெத்தாத்தான் இருக்கும். வண்டி எடை, உங்க எடை, உதைக்கிற வேகம் எல்லாம் அந்த ஒத்தை லக்குல இறங்குது. சென்டர் ஸ்டாண்டு எதுக்கு இருக்கு? கத்திரி வெயில்ல தார் ரோடு இளகிக் கிடக்கும்போது பாதத்துக்கு அடியில ஒரு தட்டைக் கல்லு வைக்கிற பழக்கமும் நல்லது, இல்லேன்னா ஒரு மணி நேரத்துல நுனி இறங்கி வண்டி படுத்துரும்.

தம்பிக்கு இதெல்லாம் சொல்லி, பழைய 19 இன்ச் ஸ்போக் வீல் வீட்ல இருந்ததால அதையே கோத்து வாங்கி மாட்டி, பின் ஷாக் அப்சார்பர் மாத்தி, குச்சி வெட்டிக் குடுத்து அனுப்பிச்சேன். ஒரு வாரம் கழிச்சு ஊர்ல இருந்து போன். "அண்ணே, ஸ்டாண்டு கிடைச்சிருச்சு. மாட்டுக் கொட்டாயில கன்னுக்குட்டி கட்டுற முளையா நட்டு வச்சிருக்காங்க." தோண்டி எடுத்துட்டு வந்தாரு. சாணியும் துருவுமா இருந்துச்சு, கழுவி குச்சிய வச்சுப் பாத்தா 3 மில்லிதான் வித்தியாசம், அது பாதத்தோட தேய்மானம். தலைத் துளைக்கு புஷ் இறக்கி, லக்குக்கும் ஒரு புஷ், புது பிவட் போல்ட், புது ஸ்பிரிங், பாதத்துக்கு அடியில 3 மில்லி தகடு. ஆப் வச்சுப் பாத்தா 11 டிகிரி.

அந்த வெட்டி ஒட்டுன மூணாவது ஸ்டாண்ட திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாரு. முளை இல்லேன்னு அவங்க அப்பத்தா சண்டையாம்.